நல்ல கைகளின் பட்டியல்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கரண்ட் அக்கா என்று பெயர். நரம்புப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் கையிலும் காலிலும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து, அது நரம்பு வழியாகப் போய்ச் சேருகிறதா, எவ்வளவு சேருகிறது என்று மெஷினில் பார்ப்பது அவள் வேலை. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்று பத்தொன்பது வருடமாக ஒரே பொய்யை வாய் கூசாமல் சொல்லிவருகிறாள். மெஷின் என்ன காட்டியது என்பதை மட்டும் யார் கேட்டாலும் சொல்ல மாட்டாள். அதைப் பெரிய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அழுதவர்கள், கெஞ்சியவர்கள், மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்று மிரட்டியவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்ள அவளுக்கு நன்றாகவே வரும்.

ஆனால் படுக்கையில் வந்து படுத்தது சொந்த அண்ணன் என்றால், முகமாவது மண்ணாங்கட்டியாவது.

அண்ணனுக்குக் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன மோட்டாரைக் கழற்றி, கருகிய கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இனாமல் பூசிய புதுச் செப்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, பள்ளம் பள்ளமாக இறக்கிக் கட்டித் தருவான். மெல்லிய கம்பியை இடது கை விரல்களால் இழுத்துப் பிடித்தபடி வலது கையால் சுற்ற வேண்டும். பிடி தளர்ந்தால் சுற்று குலைந்துவிடும். ஒரு வருடமாகவே பிடி தளர்ந்துகொண்டுதான் இருந்தது. அவன் கம்பியைக் குறை சொன்னான், கண்ணாடியைக் குறை சொன்னான், கடைசியில் வயதைக் குறை சொன்னான். அண்ணிதான் ஒரு நாள் அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை இல்லாமல் குழி விழுந்திருந்தது. மறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் கடையைப் பூட்டி அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பரிசோதனை அறையில் ஜன்னல் கிடையாது. ஒரு ரெக்சின் படுக்கை, மெஷின், வெந்நீர்ப் பை. கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாக ஓடும், அளவு தப்பாக வரும் என்பதால் முதலில் கையைச் சூடு பண்ணுவது வழக்கம். வெந்நீர்ப் பையை அவன் உள்ளங்கையில் வைத்தபோது, "சுடுதுடி" என்றான். அது நல்ல செய்தி. உணரும் நரம்பு உயிரோடு இருக்கிறது. சுண்டுவிரலில் வளையம் மாட்டிப் பார்த்தாள். உணர்வின் அலை திரையில் அழகாக எழுந்து இறங்கியது.

பிறகு தசையை ஏவும் நரம்பு. மின்சாரம் கொடுக்கும் முனையை மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். நல்ல கையில் ஒன்பது, பத்து என்று எழும்ப வேண்டிய அலை, ஒன்றுக்குக் கீழே தரையோடு தரையாகக் கிடந்தது. முழங்கையில் வைத்து அழுத்தினாள். திரையில் கோடு அசையவே இல்லை. வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு, முழங்கை இரண்டிலும் குறை இல்லை. 

உணர்வு நன்றாக இருந்து, ஏவல் மட்டும் போனால் அது இரண்டில் ஒன்று. முதுகுத்தண்டுக்குள் உட்கார்ந்து தசையை ஏவுகிற செல்லே செத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. ஒரு கையில் ஆரம்பித்து மறு கை, கால், நாக்கு என்று போய் இரண்டு மூன்று வருடத்தில் மூச்சில் வந்து முடியும். அல்லது செல் நன்றாக இருந்து, அது கைக்கு அனுப்பியிருக்கும் நீண்ட இழையின் மேலுறை நடுவழியில் எங்கோ கெட்டிருக்கலாம். செய்தி அந்த இடத்தில் நின்றுவிடும். இது லட்சத்தில் ஒருவருக்கு வருவது, மெதுவாக வருவது, மருந்து உள்ளது. பல பேருடைய ரத்தத்திலிருந்து எடுக்கிற அரிய மருந்து. ஆதாரம் காட்டாமல் ஆஸ்பத்திரியின் மருந்துக் குழு ஒரு பாட்டிலைக்கூட வெளியே விடாது. ஆதாரம் என்றால், கீழே நன்றாக எழும் அலை மேலே அழுத்தும்போது பாதியாகக் குறைகிறது என்று காட்ட வேண்டும். அண்ணன் கையில் குறைவதற்கு அலையே இல்லை.

பெரிய டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்தார். கையை அழுத்திப் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். அப்போதுதான் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். இதே மெஷின்ல என் தங்கச்சியே டெஸ்ட் பண்ணா. எல்லாம் நார்மல்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள் என்று சொல்ல முடியாது, ஆட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் குறிப்பில் எழுதினார்: இரண்டு வருடத்துக்கு முன் இயல்பு நிலை, அதன் பின் வேகமான சரிவு. திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். வெளியே போகும்போது அவளிடம் மட்டும், இவ்வளவு வேகம் என்றால் செல் சாகிற வியாதிதான், வீட்டில் பக்குவமாகச் சொல்லி வை என்றார்.

நார்மல் என்று அண்ணன் சொன்ன கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் மெஷின் புதிதாக வந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும், ஒவ்வொரு அறைக்கும் எது நல்ல அளவு என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வியாதி இல்லாத நாற்பது பேரின் கைகள் தேவை. கேன்டீன்காரர், வாட்ச்மேன், நர்சுகளின் வீட்டுக்காரர்கள் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்துப் படுக்கவைத்தார்கள். அவள் அண்ணனைக் கூட்டிவந்தாள். பட்டியலில் அவன் பதினான்காவது கை.

இடது கையில்தான் ஆரம்பித்தாள். மணிக்கட்டில் ஒன்பது வந்தது. முழங்கையில் மூன்று வந்தது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முழங்கையில் நரம்பு எலும்புப் பள்ளத்துக்குள் ஓடும், முனை கொஞ்சம் விலகினால் சரியாகப் படாது. அன்று ஏற்கெனவே இரண்டு பேருக்கு முனை விலகிப்போய்த் திரும்பச் செய்திருந்தாள். புது மெஷின் வந்ததும் கை நடுங்குகிறதா என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் கேலி செய்திருந்தார். மின்சாரத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினாள். அண்ணன் துள்ளி எழுந்து, கூடப்பிறந்தவளே கரண்ட் வெச்சுக் கொல்றாளே என்று அறையே சிரிக்கும்படி கத்தினான். மறுபடி மூன்று.

நல்ல ஆளிடம் கெட்ட அளவு வந்தால் மூன்று முறை பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் வேறு கணக்குப் போட்டாள். பட்டியலுக்கு வேண்டியது நல்ல கை. அண்ணன் நல்ல ஆள். அளவு கெட்டு வந்தால் கெட்டது தன் கைதான். இன்னொரு தடவை கேலி வாங்க அவளுக்கு மனமில்லை, அண்ணனுக்கு இன்னொரு தடவை வலி கொடுக்கவும் மனமில்லை. வலது கைக்கு மாறினாள். ஒன்பது, ஒன்பது. அதைப் பட்டியலில் எழுதினாள். இடது கையின் காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டாள். எந்தக் கையாக இருந்தால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள்.

ஒன்பது கீழே, மூன்று மேலே. உறை கெட்ட இழையின் அச்சு அசல் அடையாளம் அது. அதைக் கண்ணால் பார்த்து, கையால் கிழித்திருக்கிறாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அதை ஒளிப்பானேன். அதைவிடப் பெரிய பயம் அண்ணி.  சனிக்கிழமை மதியம் அண்ணன் கடைக்குப் போனாள். வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. அவன் இடது கை விரல்களைக் கம்பியோடு சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான். எதிரே அண்ணி உட்கார்ந்து கம்பிச் சுருள் அவிழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் மும்முரமாகச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்ததால் அவள் வந்ததைச் சிறிது நேரம் கவனிக்கவில்லை.

நரம்பு என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று அண்ணன் கேட்டான். மோட்டாரைத் திறந்து பார்க்காமல் அதைப் பற்றிப் பேசுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. அவள் வார்னிஷ் டப்பாவின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் வரைந்து காட்டினாள். ஏவுகிற செல்லுக்கு உடம்பு முதுகுத்தண்டுக்குள் இருக்கும். உடம்பைச் சுற்றி நிறையச் சின்னக் கிளைகள், மற்ற செல்கள் சொல்வதை வாங்கிக்கொள்ள. வெளியே போவது ஒரே ஒரு நீண்ட இழை. அது விரல் வரை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் போகும். செல்லின் உடம்போ கண்ணுக்கே தெரியாது. உணர்கிற செல்லின் அமைப்பே வேறு. அதன் உடம்பு தண்டுக்கு வெளியே ஒரு முடிச்சில் உட்கார்ந்திருக்கும். ஒரே காம்பு, அது இரண்டாகப் பிரிந்து ஒன்று தோலுக்கும் ஒன்று தண்டுக்கும் போகும். தண்டுக்குள்ளேயும் மூளையிலேயும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிவைக்கிற செல்கள்தான் மற்றதெல்லாம். அவைதான் எண்ணிக்கையில் அதிகம்.

இழை மேல் கண்டம் கண்டமாக உறை போட்டிருக்கும், நடுநடுவே சின்ன இடைவெளி இருக்கும், செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும் என்றதும் அண்ணன் சுற்றுவதை நிறுத்தினான்.

"அப்ப கம்பி மேல இனாமல் மாதிரி."

"அப்படித்தான்னு வெச்சுக்கோ."

"இனாமல் போனா அப்பவே பாத்துடணும். விட்டா கம்பியே போயிடும்." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். உறை கெட்ட இடத்தை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் இழையும் பட்டுப்போகும் என்பது புத்தகத்திலும் இருக்கிறது. அவள் அட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தனக்கு எந்தப் பழுது என்று அவன் கேட்டான். திங்கட்கிழமை டாக்டர் சொல்வார் என்றாள். பெரிதாக ஒன்றும் இருக்காது, ரெண்டு வருஷம் முன்னாடி நீயே பாத்துதானே சொன்னே என்று அவன் அண்ணிக்குக் கேட்கும்படி சொன்னான். அண்ணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டர் வெள்ளைக் கோட்டை மாட்டுவதற்குள் அவர் அறைக்குப் போய் நின்றாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். டாக்டர் கத்துகிற ஆள். அன்று கத்தவில்லை. காகிதம் எங்கே என்றார். கிழித்துவிட்டேன் என்றாள். அளவு நினைவிருக்கிறதா என்றார். ஒன்பது, மூன்று, இரண்டு தடவை என்றாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குறிப்பை எடுத்து, இயல்பு நிலை என்று எழுதியிருந்ததை அடித்தார்.

உன் ஞாபகத்தைக் குழுவிடம் கொடுக்க முடியாது என்றார். ஆனால் இந்த வியாதி ஒரே இடத்தோடு நிற்காது, வலது கையில் இன்னும் மேலே எங்காவது ஆரம்பித்திருக்கலாம், அந்தக் கையில் அலை இருப்பதால் பிடித்துவிடலாம். அக்குளிலும் கழுத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக யாருக்கும் அங்கே வைப்பதில்லை, கழுத்தடியில் நரம்பு ஆழத்தில் இருப்பதால் மெஷினை உச்சத்துக்கு வைத்தால்தான் போய்ச் சேரும், வலி உயிர் போகும். அண்ணனிடம் விஷயத்தை யார் சொல்வது என்று டாக்டர் கேட்டார். தானே சொல்வதாகச் சொன்னாள்.

பரிசோதனை அறையில் வைத்து, இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். ஒன்பது, மூன்று, கிழித்த காகிதம், டாக்டரின் கேலி வரை ஒன்றையும் விடவில்லை. அண்ணன் தன் இடது கையைப் பார்த்தான். பிறகு வேறெங்கோ பார்த்தான். அண்ணி மடியில் இருந்த பையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

"இந்த டெஸ்ட்ட வேற யாராவது செய்யக் கூடாதா?" என்றாள் அண்ணி. இருபத்திரண்டு வருடத்தில் அண்ணி அவளை முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்னதில்லை. இதுதான் முதல்.

அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் கழுத்தில் வைக்கத் தெரியாது. அண்ணன்தான் சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் அவிழ்க்க ஆரம்பித்தான். இரண்டு பொத்தானுக்கு மேல் முடியவில்லை. மிச்சத்தை அண்ணி அவிழ்த்துவிட்டாள்.

"அவளே செய்யட்டும்" என்றான்.

எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று அன்று அவள் சொல்லவில்லை. ரொம்ப வலிக்கும் என்றாள். வலது மணிக்கட்டு, ஒன்பது. முழங்கை, ஒன்பது. அக்குள், எட்டரை. கழுத்தடியில் எலும்புக்கு மேல் குழியில் முனையை அழுத்திப் பிடித்து மின்சாரத்தைக் கூட்டினாள். அண்ணனின் தோள் படுக்கையை விட்டு எகிறியது. நான்கு. உச்சத்துக்கு வைத்தாள். அவன் பற்களைக் கடித்துக்கொண்டான். நான்கு. முனையை ஒரு நூல் நகர்த்தினாள், மறுபடி கொடுத்தாள். அண்ணி சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இந்த முறை அவன் கத்தவுமில்லை, கேலி பேசவுமில்லை. அது அவளைக் கொன்றது. மூன்றாவது முறையும் நான்குதான். காகிதத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

அடுத்த வாரமே மருந்து கிடைத்தது. மாதம் ஒரு முறை அண்ணன் வந்து படுத்து ஐந்து மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு போவான். நாலாவது மாதம் வலது கையின் கழுத்தடி அளவு ஏழுக்கு ஏறியது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபோது அண்ணி சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இடது கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கடையில் இப்போது அண்ணி கம்பியை இழுத்துப் பிடிக்கிறாள், அவன் சுற்றுகிறான். பாதி வேலைதான் ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்குள் அண்ணி அவளிடம் தேவைக்குப் பேசுவாள். டீ வேணுமா, எத்தனை மணிக்கு முடியும், அவ்வளவுதான். விசாரணை நடந்து ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு அவள் வேலை தப்பியது. தப்பியதே அவளுக்கு அவமானமாக இருந்தது. பட்டியலிலிருந்த மிச்ச முப்பத்தொன்பது பேரையும் மறுபடி வரவழைத்து ஒரு மாதத்தில் திரும்பப் பார்த்து முடித்தாள்.

ஆறாவது மாதம் இரண்டு கையையும் பார்த்து எழுதச் சொல்லி டாக்டர் சீட்டு அனுப்பினார். அண்ணி மருந்துச் சீட்டு வாங்கக் கீழே போயிருந்தாள். அவள் அண்ணனின் இடது கையை எடுத்துத் துணியால் துடைத்து, எலும்பு தெரிகிற இடத்தில் மெஷினின் பட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் அண்ணன். "அன்னிக்கே நீ டாக்டர்கிட்ட போயிருந்தா, இந்தக் கை இருந்திருக்குமா?"

அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒரு முறை அவளிடம் சொல்லியிருந்தார். அவள் கேட்காமலே, இரக்கப்பட்டுச் சொன்ன வார்த்தை. அதை எடுத்து நீட்டினால் போதும்.

"இருந்திருக்கும்ணா."

"முழுசாவா?"

"கம்பி கட்டுற அளவுக்கு, முழுசா."

அவன் கூரையைப் பார்த்தான். 

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றான். "உன் அண்ணி கேட்டா மட்டும், அப்பவே கண்டுபிடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு சொல்லிடு. நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

படியில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது. "ஆரம்பி" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மணிக்கட்டில் முனையை வைத்து அழுத்தினாள். அவன் முகம் வலியில் சுருங்கியது. திரையில் ஒன்றும் எழவில்லை.